சல்சா வகுப்பு தேடுகிறீர்களா? பணம் கட்டுமுன் ஒருநாள் போய் உட்காருங்கள்

மதுரையில் பைபாஸ் ரோட்டிலோ கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ மாடியில் தொங்கும் டான்ஸ் கிளாஸ் போர்டுகளை நிமிர்ந்து பாருங்கள். வெஸ்டர்ன், ஹிப்ஹாப், ஜூம்பா, சல்சா, கல்யாண டான்ஸ் என்று ஒரே போர்டில் எல்லாம் வரிசையாக இருக்கும். படியேறிப் போய் விசாரித்தால், "எல்லாமே சொல்லித் தர்றோம்க்கா, மூணு மாசத்துக்குச் சேர்ந்தா ஃபீஸ் கம்மி" என்பார்கள். அந்த நிமிடத்தில் என்ன கேட்பது என்று நமக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அங்கே யாரும் என்னை ஏமாற்றவில்லை. மாஸ்டர் நல்ல ஆட்டக்காரர். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டார். முதல் வரிக்கு இது, இரண்டாம் வரிக்கு இது, பல்லவி திரும்பும்போது ஒரு சுற்று, கடைசியில் கையை விரித்து நிற்க வேண்டும் என்று பன்னிரண்டு வாரமும் அதையே செதுக்கினார். எனக்கென்று ஒரு பார்ட்னர், அவரோடு மட்டும்தான் ஆட்டம். ஆண்டு விழாவில் ஆடினோம். கைதட்டினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு ஒருமுறை அலுவலகப் பயிற்சிக்காக பெங்களூரு போயிருந்தேன். கூட வேலை பார்க்கும் தோழி சனிக்கிழமை ராத்திரி, யாரும் யாரோடும் சேர்ந்து ஆடும் ஒரு சல்சா சோஷியலுக்குக் கூட்டிப் போனாள். ஒருவர் வந்து மரியாதையாகக் கையை நீட்டினார். பாட்டு எனக்குத் தெரியாது. என் ஸ்டெப் அவருக்குத் தெரியாது. இரண்டாவது எண்ணிக்கையிலேயே முழங்கால் முட்டிக்கொண்டது. "நீங்க ஆன் ஒன்னா, ஆன் டூவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மூன்று மாதம் நான் படித்தது ஒரே ஒரு பாட்டைத்தான். அதனால் இப்போது யாராவது என்னிடம் "எந்த வகுப்பு நல்லாருக்கும்?" என்று கேட்டால் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அங்கே சில மாதம் படித்த ஒருவரால், முன்பின் தெரியாத ஒருவரோடு, அதுவரை கேட்டிராத ஒரு பாட்டுக்கு, மூன்று நிமிடம் நிம்மதியாக ஆட முடிகிறதா?

முளைப்பாரிக் கும்மியும் சல்சாவும்

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். முளைப்பாரி சமயத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் கும்மி பார்த்திருப்பீர்கள். கட்டிக்கொடுத்துப் போன ஊரிலிருந்து வந்த பெண், பக்கத்து ஊர் உறவுக்காரப் பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று யார் வந்தாலும் வட்டத்தில் இடம் விடுவார்கள். ஒத்திகை பார்த்துவிட்டு யாரும் வருவதில்லை. அடி கொஞ்சம் வேறாக இருந்தால் இரண்டு சுற்றுக்குள் பிடித்துக்கொள்வார்கள். தாளம் பொதுவாக இருப்பதால் அது நடக்கிறது.

சல்சா, பச்சாட்டா, மெரெங்கே எல்லாம் பிறந்த ஊரில் இப்படித்தான். கல்யாணம், தெருவிழா, வீட்டு விசேஷம் என்று மக்கள் கூடுமிடத்தில் ஆடுவது. அதைத்தான் சோஷியல் டான்ஸ் என்கிறார்கள். கும்மிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே இரண்டு பேர் ஜோடியாக ஆடுகிறார்கள். ஒருவர் அடுத்து என்ன என்பதைக் கையாலும் உடம்பாலும் சொல்வார், அது லீட். மற்றவர் அதைக் கேட்டு ஆடுவார், அது ஃபாலோ. கியூபாவில் ருவேதா தெ கசீனோ என்று ஒரு வகை இருக்கிறது. ஜோடிகள் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் குரல் கொடுப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் ஜோடி மாறுவார்கள். அதை முதலில் பார்த்தபோது எனக்குப் பின்னல் கோலாட்டம்தான் நினைவுக்கு வந்தது.

மேடைக்கு ஒரு பாட்டைத் தயார் செய்வது குறைந்த வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு பாட்டு ஆட வேண்டும் என்றால் அதற்கு கோரியோகிராஃபி வகுப்புதான் சரி. ஆனால் அது வேறு படிப்பு. எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு படியேறுங்கள்.

'லத்தீன்' என்றால் எது?

சல்சா மாதிரி ஆட்டங்களை மொத்தமாக லத்தீன் டான்ஸ் என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு தனித்தனி வீடுகள் இருக்கின்றன. போர்டில் அதைப் பிரித்து எழுத மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஒன்று போட்டி நடனம். சர்வதேச லத்தீன் போட்டிகளில் ஐந்து வகை: சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ். இதில் ஜைவ் அமெரிக்க ஸ்விங் வழி வந்தது, பாசோ டோப்லே ஸ்பெயினின் காளைச்சண்டை நினைவோடு வருவது. கால் எங்கே, முட்டி எப்படி, தலை எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் வரைமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். 1904இல் லண்டனில் தொடங்கிய ஐ.எஸ்.டி.டி. என்ற நடன ஆசிரியர் சங்கம் போன்ற அமைப்புகள் தேர்வு வைத்துப் பட்டயம் தருகின்றன. ஒழுங்காகப் படிப்படியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, இது நல்ல வழி.

இன்னொன்று நான் மேலே சொன்ன சோஷியல் வீடு. இதில் சல்சாதான் மூத்த பிள்ளை மாதிரி. கியூபாவின் சோன், மாம்போ போன்ற இசையைப் புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா மக்கள் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1960களிலும் 70களிலும் ஜாஸோடு கலந்து வளர்ந்ததுதான் சல்சா. அந்த இசையை உலகமெல்லாம் கொண்டுபோன ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1964இல் தொடங்கியது. பச்சாட்டா டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. ரொம்ப காலம் அதை ஏழைகளின் இசை, சாராயக்கடை இசை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2019இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அதைப் படித்தபோது நம் பறையை நினைத்துக்கொண்டேன். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட தோல்கருவியை இன்று கல்லூரிப் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு கற்கிறார்கள்.

மெரெங்கேயும் அதே டொமினிக்கன் ஊர்தான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காலை மாற்றி மாற்றி வைப்பது. முதல் நாளே யாரும் ஆடிவிடலாம்.

ஜூம்பா இந்த இரண்டு வீட்டிலும் சேராது. கொலம்பியாவைச் சேர்ந்த பெட்டோ பெரெஸ் உருவாக்கிய உடற்பயிற்சி முறை அது. லத்தீன் பாட்டு ஒலிக்கும், இடுப்பு அசையும், வியர்வை நன்றாகக் கொட்டும். ஆனால் ஜோடி கிடையாது, லீட் கிடையாது. உடம்பு குறைய வேண்டும் என்பவர் தாராளமாகச் சேரலாம். சல்சா கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து ஜூம்பா பேட்ச்சில் ஒரு வருடம் கழித்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

சல்சாவுக்குள்ளேயும் பிரிவுண்டு. எட்டு எண்ணிக்கையில், முன்னும் பின்னுமாகத் திசை மாற்றும் அடி ஒன்றில் விழுந்தால் ஆன் ஒன், இரண்டில் விழுந்தால் ஆன் டூ. முதலாவதை லாஸ் ஏஞ்சலஸ் பாணி என்றும் இரண்டாவதை நியூயார்க் பாணி என்றும் சொல்வது வழக்கம். இரண்டிலும் ஜோடி ஒரு நேர்கோட்டில் போய்வரும். கியூபா பாணியில் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். எதில் தொடங்கினாலும் தவறில்லை. "நாங்க என்ன சொல்லித் தர்றோம்" என்று மாஸ்டருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "சல்சான்னா சல்சாதாங்க" என்று பதில் வந்தால், ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். நான் சேர்ந்திருந்த முதல் வகுப்பில் ஆன் ஒன், ஆன் டூ என்ற சொற்கள் ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

ஆதி தாளம் போடத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

நல்ல வகுப்பையும் சுமாரான வகுப்பையும் பிரித்துக் காட்டுவது காது. மாஸ்டர் முதலில் உங்கள் காதுக்கு வேலை கொடுக்கிறாரா, காலுக்கா?

சல்சாவின் எண்ணிக்கை எட்டு. ஒன்று, இரண்டு, மூன்றில் அடி வைக்க வேண்டும். நான்கில் கால் நிற்கும். ஐந்து, ஆறு, ஏழில் அடி, எட்டில் நிற்கும். இப்போது தொடையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், இதெல்லாம் அடி. நடுவிரல் வரும்போது கால் நிற்கிறது. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, இதற்கு மூன்று அடி. கடைசி வீச்சில் மறுபடி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்குப் போன பழக்கத்தில் எனக்கு இது தானாக வந்தது. சல்சா ஆதி தாளத்தில் அமைந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த இசையின் கணக்கு வேறு. அதன் முதுகெலும்பாக க்ளாவே என்று இரண்டு மரக்குச்சியைத் தட்டும் ஓர் ஐந்து தட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எட்டில் எங்கே இருக்கிறோம் என்று தொலைந்து போகாமலிருக்க நம் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான்கிலும் எட்டிலும் கால் ஏன் நிற்கிறது என்று முதல் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பிறகு நான் சேர்ந்த இரண்டாவது வகுப்பின் மாஸ்டர் பாட்டைப் போட்டு, "காங்காவை மட்டும் கேளுங்க" என்றார். காங்கா என்பது இரு கையாலும் வாசிக்கும் உயரமான ஒற்றை முழவு. அதன் வழக்கமான வாசிப்பில், திறந்த ஒலி 'டும்-டும்' என்று சேர்ந்தாற்போல் விழுவது நான்கிலும் எட்டிலும்தான். கால் நிற்கிற இடத்தில் முழவு பேசுகிறது. அதைக் கேட்ட பிறகு அந்த இடைவெளியை விழுங்கிவிட்டு அவசரமாக அடுத்த அடிக்கு ஓடும் பழக்கம் என்னிடம் தானாகக் குறைந்தது.

எனவே ட்ரையல் கிளாஸில் இதைக் கவனியுங்கள். மாஸ்டர் தானே "ஒன், டூ, த்ரீ" என்று கடைசிவரை கத்திக்கொண்டிருக்கிறாரா, அல்லது நடுவில் எண்ணுவதை நிறுத்திவிட்டு "இப்ப ஒன் எங்கே இருக்கு, நீங்களே பிடிங்க" என்று விடுகிறாரா? எண்ணுவதை நிறுத்தினால் வகுப்பு தடுமாறும். தடுமாறட்டும் என்று பொறுத்துக்கொள்ளும் மாஸ்டர் கிடைத்தால் விடாதீர்கள். வெவ்வேறு பாட்டு போடுகிறாரா என்றும் பாருங்கள். ஒரு மணி நேரமும் ஒரே பாட்டு என்றால் நமக்கு அந்தப் பாட்டுதான் மனப்பாடமாகும்.

பச்சாட்டாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மூன்று அடி பக்கவாட்டில் போய், நான்கில் நிற்பதற்குப் பதில் காலை லேசாகத் தட்டுவார்கள், பிறகு மறுபக்கம். சல்சாவைவிட நிதானமாகப் போகும். சல்சாவின் வேகம் பயமுறுத்தினால் பச்சாட்டாவில் தொடங்குவதில் தப்பே இல்லை.

அம்மா கவனித்தது

இரண்டாவது முறை வகுப்பு தேடியபோது அம்மாவும் கூட வந்தாள். "ஆம்பளை கையப் புடிச்சு ஆடுறதுன்னா நான் பார்க்காம அனுப்ப மாட்டேன்" என்றாள். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் அசையாமல் இருந்தாள்.

நான் ஆட்டத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது பாதிதான். முதல் பத்து நிமிடம் வெறும் நடை. பாட்டுக்கு நடக்க வேண்டும், அவ்வளவே. பிறகு இரண்டு இரண்டு பேராக நிற்கவைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கையை ஒட்டி, சாத்திய கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கிற அளவுக்கு மெல்லிய அழுத்தம் கொடுக்கச் சொன்னார். ஒருவர் நடப்பார், இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த அழுத்தத்தை வைத்தே பின்னால் போவார். எனக்கு எதிரே நின்ற அக்கா கண்ணை மூடியதும் கையைத் தொளதொளவென்று விட்டுவிட்டார். நான் நடந்தேன், அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மாஸ்டர் வந்து, "அக்கா, நூல் தொய்ஞ்சா பட்டம் பேச்சைக் கேக்காது. கொஞ்சம் விறைப்பா இருங்க, முறுக்கிக்காதீங்க" என்றார். அடுத்த தடவை அந்த அக்கா என் அசைவுக்கு நகர்ந்ததை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். லீட், ஃபாலோ என்று மணிக்கணக்காகப் பேசுவதெல்லாம் இந்த அழுத்தத்தைப் பற்றித்தான். யூடியூபைப் பார்த்துக் காலடி கற்றுக்கொள்ளலாம். இதைக் கற்றுக்கொள்ள எதிரே ஒரு கை வேண்டும்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை "மாத்திக்கங்க" என்றார், பார்ட்னர் மாறினார்கள். அன்றைக்கு ஏழு பேரோடு ஆடினேன். ஒருவர் கை கனமாக இருந்தது, ஒரு கல்லூரித் தம்பியின் கை நடுங்கியது. ஒரே பார்ட்னரோடு ஆடினால், அவருடைய தவறுகளுக்கு நாமும் நம்முடைய தவறுகளுக்கு அவரும் பழகிக்கொள்வோம், இரண்டு பேருக்கும் அது தெரியாது. பார்ட்னரை மாற்றாத வகுப்பில் தொடக்கக்காரர் சேர வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஜோடியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற இடத்திலும் இதே சிக்கல் வரும். கணவன் மனைவியாகச் சேர்ந்தவர்கள் மாறாமல் தங்களுக்குள் ஆடிக்கொள்ள விரும்பினால் அது அவர்கள் உரிமை. மற்றவர்களுக்கு மாற்றம் நடக்கிறதா என்பதைப் பாருங்கள். பெண்கள் கூடுதலாக இருந்தால் சில பெண்கள் லீட் கற்றுக்கொள்ளலாம். லீட் ஆணுக்குத்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சொன்னாள்: "அந்த மாஸ்டர் தம்பி ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டுத்தான்டி கையத் தொடுது. ஒரு பொண்ணு வேணாம்னு தலையாட்டுச்சு, உடனே தள்ளி நின்னு வாயாலயே சொல்லிக் குடுத்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு பேரு தப்பாப் போட்டாங்க, மூணு பேர்கிட்டயும் போய் நின்னுச்சு" என்றாள். நான் அன்று முழுக்கக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இது எதையும் பார்க்கவில்லை. அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது: முடிந்தால் ஒருநாள் ஆடிப் பாருங்கள், இன்னொரு நாள் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். வெளியாள் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லுமிடத்தில் காரணம் கேளுங்கள். சரியான காரணம் இல்லையென்றால் வந்துவிடுங்கள்.

தொடுவது பற்றி

இதைப் பேசத் தயங்கித்தான் பலர் ஆசையை அடக்கிக்கொள்கிறார்கள். தொடக்கநிலை சல்சாவில் தொடுகை என்பது கையும் தோள்பட்டையின் பின்புறமும்தான். நெருங்கி ஒட்டி ஆடும் பச்சாட்டா வகை ஒன்று உண்டு, ஸ்பெயினில் வளர்ந்தது, சென்சுவல் என்று அதற்குப் பெயர். அதைக் கற்பதா வேண்டாமா என்பது பின்னாள் விஷயம், கற்காமலேயே பச்சாட்டா ஆட முடியும். "ஓப்பன் ஹோல்டுலேயே சொல்லிக் கொடுங்க" என்று, அதாவது தள்ளி நின்று கையை மட்டும் பிடித்து ஆடக் கேட்டால் மாஸ்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று ஒருவரோடு ஆட மறுக்கும்போது வகுப்பில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கையை வலிக்கும்படி இழுக்கிறவரை மாஸ்டர் கண்டிக்கிறாரா, சிரித்து விட்டுவிடுகிறாரா என்பதில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

பிடியும் அப்படித்தான். லீட் செய்பவர் விரல்களை நீட்டுவார், ஃபாலோ செய்பவர் தன் விரல்களை அதன்மேல் கொக்கி போலப் போட்டுக்கொள்வார். கட்டைவிரலை மேலே வைத்து அமுக்கினால், சுற்றும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். முதல் வகுப்பிலேயே கட்டைவிரலைப் பற்றிப் பேசும் மாஸ்டர் உங்கள் கையைக் காப்பாற்றுகிறார். முதல் மாதத்திலேயே தூக்குவது, பின்னால் சாய்த்துப் பிடிப்பது என்று ரீல்ஸுக்காகச் சொல்லிக் கொடுக்கிற இடம் முதுகுக்கு ஆபத்து. முட்டிவலி, டிஸ்க் பிரச்சினை, பிரஷர் எதுவிருந்தாலும் சேரும் நாளே சொல்லிவிடுங்கள். "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று அவர்களே கேட்டால் இன்னும் நல்லது.

தரையும் செருப்பும் மல்லிகைப்பூவும்

நம் ஊரில் வகுப்பு நடப்பது பெரும்பாலும் மாடி ஹாலில், டைல்ஸ் அல்லது மொசைக் தரையில். மரத்தரை கிடைத்தால் அதிர்ஷ்டம். சுற்றும்போது பாதம் தரையில் வழுக்கித் திரும்ப வேண்டும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நிற்கும், உடம்பு திரும்பும், இடையில் மாட்டுவது முட்டி. நடன ஷூவின் அடியில் வெல்வெட் போன்ற ஸ்வேட் தோல் ஒட்டியிருப்பது இதற்காகத்தான். முதல் மாதமே அதை வாங்க வேண்டாம். அடிப்பக்கம் வழவழப்பாகத் தேய்ந்த, குதிகால் வார் உள்ள தட்டையான செருப்பு அல்லது தோல் அடி கொண்ட ஷூ போதும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் ஆடாதீர்கள், வழுக்கி விழுவீர்கள். வெறுங்காலில் அடிப்படை அடிகள் பழகலாம். வியர்த்த காலோடு சுற்றினால் தோல் உரியும்.

நான் அனுபவத்தில் கண்ட இன்னொன்று, பின்னல். பூவைத்த நீளப் பின்னலோடு நான் ஒரு முழுச் சுற்று சுற்றினேன், அது எதிரே இருந்தவர் கன்னத்தில் சாட்டையாக விழுந்தது. மல்லிகைச் சரம் அறுந்து தரையெல்லாம் சிதறி, இரண்டு பேர் வழுக்கினார்கள். அன்றிலிருந்து கொண்டைதான். பூவை வகுப்பு முடிந்து வைத்துக்கொள்கிறேன். கண்ணாடி வளையல், பெரிய மோதிரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். கழற்ற மாட்டேன் என்கிற தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம்.

சித்திரை வைகாசி வெயிலில் மாடி ஹால் அடுப்பாகிவிடும். ஜன்னலும் ஃபேனும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் கொண்டுபோவது எதிரே ஆடுகிறவருக்கு நாம் தரும் மரியாதை.

ஃபீஸும் சான்றிதழும்

ஃபீஸை மணிக்கணக்காக வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு மாதம் 2,000 ரூபாய், வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்றால் எட்டு வகுப்பு, வகுப்புக்கு 250 ரூபாய். அதே பணத்துக்கு ஒரு பேட்ச்சில் பத்துப் பேரா முப்பது பேரா என்பதைப் பொறுத்துத்தான் அது மலிவா என்று சொல்ல முடியும். முதல் இரண்டு மாதம் மாதாமாதம் கட்டுங்கள், தள்ளுபடிக்காக மொத்தமாகக் கட்ட வேண்டாம். விட்டுப்போன வகுப்புக்கு ஈடு உண்டா என்று கேளுங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வகுப்பு இருந்தால், அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் அங்கே எந்த வண்டியும் நுழையாது, வகுப்பும் இருக்காது. மேலூர், திருமங்கலத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி பேட்ச் முடிந்ததும் பஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

சல்சா சொல்லிக் கொடுக்க அரசாங்க உரிமம் என்று எதுவும் கிடையாது. சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், சான்றிதழ் இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். "நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க மாஸ்டர்?" என்று கேளுங்கள். நன்றாகக் கற்றவர் தன் குருவின் பெயரையும் ஊரையும் ஆசையாகச் சொல்வார்.

ஆறாவது வாரத்தில்

சேர்ந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது சொல்லித் தராமல் சும்மா பாட்டுப் போட்டு ஆடவிடும் நேரம் அங்கே உண்டா? சென்னையிலும் பெங்களூரிலும் கற்றுக்கொண்டதை ஆடிப் பார்க்கப் போக இடங்கள் இருக்கின்றன. மதுரையில் அந்த அளவு வாய்ப்பு கிடையாது, ஆகவே வகுப்பே அந்த இடத்தை உண்டாக்கித் தர வேண்டும். நாலு பேட்ச்சையும் ஒன்றாகக் கலந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் விட்டாலே போதும்.

என் வகுப்பில் ஆறாவது வாரம் அப்படி ஒரு சாயங்காலம் வைத்தார்கள். சனிக்கிழமை பேட்ச்சில் படிக்கும் ஒரு தம்பி வந்து, "ஆடலாமாக்கா?" என்றான். நான் பார்த்தே இராத முகம். பாட்டு தொடங்கியது, அதுவும் புதுசு. முதலில் இரண்டு பேரும் நகரவில்லை. அவன் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான், என் விரல் தொடையில் தானாகத் தாளம் போட்டது. காங்கா 'டும்-டும்' என்றது, அடுத்த ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்து அடி வைத்தோம். மூன்றாவது சுற்றில் அவன் இடது கையை உயர்த்தினான், நான் ஐந்து-ஆறு-ஏழில் திரும்பி வந்து எட்டில் நின்றேன். எங்கள் இருவருக்கும் தெரிந்தது அடிப்படை அடியும் அந்த ஒரு சுற்றும் மட்டும்தான். அதை வைத்தே பாட்டு முடியும்வரை ஆடினோம். "தேங்க்ஸ்க்கா" என்று கையை விட்டுவிட்டு, அவன் அடுத்தவரிடம் போனான்.